குடத்துக்கு ஆழாக்குக் கடுகு

ஜினேந்திரர் துணை
விழுப்புரம், 12 ஜூலை 1936

அன்புள்ள அக்காள் அனந்தமதி அவர்களுக்குத் தம்பி அஜிதநாதன் நமஸ்காரம். நான் இங்கு சுகம். திண்டிவனத்தில் நீங்களும் மாமாவும் சுகமாக இருப்பதற்கு எழுதவும். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

வேலையில் சேர்ந்து பத்து நாள் ஆகிறது. கிளப்பின் கிரிக்கெட் மைதானத்துக்கு நான் சூப்பர்வைசர். என் கீழே முகையூர் ராயப்பனும் எட்டுப் பெண்களும் ஒரு ஜோடி மாடும். ரோலர் இழுக்கும்போது மாட்டின் குளம்பு தரையில் பதியாமல் இருக்கச் சாக்குத் துணியில் பை தைத்துக் கட்டுகிறோம். மாடுகள் முதல் நாள் வெட்கப்பட்டு நின்றன. இப்போது பை கட்டினால்தான் நடக்கின்றன.

இங்கே பயிர் என்ன தெரியுமா? அறுகம்புல். கொடியைத் துண்டு துண்டாக நறுக்கிச் சாணிக் கரைசலில் பிசைந்து, வீடு மெழுகுவதுபோலத் தரையில் மெழுக வேண்டும். இரண்டு வாரத்தில் பச்சை எட்டிப் பார்க்குமாம். களை எடுக்கும் குப்பம்மாள் என்கிற அம்மாள் இதைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "எங்க ஆயா காலத்துலேர்ந்து இத்தப் புடுங்கி வரப்புல போட்டுக்கினு கெடக்கறோம். நீங்க இன்னாடான்னா இத்தப் பயிரு வெக்கிறீங்க, நைனாரே" என்றாள்.

செக்ரட்டரி துரை காலையில் வந்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தரையோடு கன்னத்தை வைத்து மேடு பள்ளம் பார்க்கிறார். நானும் அப்படிப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். எனக்கு இந்த வேலை மிகவும் பிடித்திருக்கிறது, அக்கா. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் உங்களிடம் சொல்லிவிட்டேன்.

பொழுது சாயும் முன் சாப்பிட்டுவிடுகிறேன். தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிக்கிறேன். மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

தங்கள் அன்புத் தம்பி,
அஜிதநாதன்


ஜினேந்திரர் துணை
திண்டிவனம், 20 ஜூலை 1936

சிரஞ்சீவி தம்பி அஜிதநாதனுக்கு அக்காள் அனந்தமதி ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் க்ஷேமம். முழங்கால் தன் பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு நடக்கிறேன்.

கற்றவனுக்குச் சென்ற இடமெல்லாம் சிறப்பு என்பார்கள். நீ சென்ற இடம் புல்லுத் தரையாகப் போயிற்று. கடைத்தெருவில் உன் மாமாவைப் பார்க்கிறவர்கள் எல்லாம் "உங்க மச்சான் மாடு மேய்க்கிறாரா, புல்லு மேய்க்கிறாரா?" என்று விசாரிக்கிறார்களாம். அவருக்கு எண்ணெய், புண்ணாக்கு மண்டியில் உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசை. பத்தாவது பாஸ் செய்தவன் புல்லுக்குக் காவல் போவதா என்று கேட்டார். ஒரு வருஷம் பார்ப்போம், என் தம்பி நம் வழக்கத்துக்கு மாறாக ஒன்றும் செய்யமாட்டான், அதற்கு நான் பொறுப்பு என்று சொல்லித்தான் உன்னை அனுப்பியிருக்கிறேன். அதை மறக்காதே.

புல்லை வெட்டுவது பாவமா என்று நீ கேட்கவில்லை. ஆனால் நினைத்திருப்பாய். நாம் சமணரில் இல்லறத்தார், துறவிகள் இல்லை; உழுது உண்கிற குலம். ஓரறிவு உயிருக்கு நேர்கிற துன்பத்தை வாழ்க்கைக்காகப் பொறுத்துக்கொள்கிறோம். அசைந்து போகிற உயிரை அறிந்தே கொல்வது மட்டும் கிடையாது. இதைச் சின்ன வயதிலேயே உனக்குச் சோறோடு சேர்த்து ஊட்டியிருக்கிறேன்.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். மாட்டுக்குப் பை தைக்கிற பிள்ளையைப் பெற்ற அம்மா இருந்திருந்தால் சிரித்திருப்பாள். எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. கடைத்தெருவில் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
அனந்தமதி


ஜினேந்திரர் துணை
விழுப்புரம், 18 அக்டோபர் 1936

அன்புள்ள அக்காள் அவர்களுக்குத் தம்பி நமஸ்காரம். சுகம், சுகத்துக்குக் கோருகிறேன்.

மழை பிடித்துக்கொண்டது. கோலியனூர் ஏரிக் களிமண்ணைக் கொண்டுவந்து நடு ஆடுகளத்தில் போட்டு உருட்டியிருக்கிறோம். புல் ரத்தினக் கம்பளம்தான். ஆனால் காலையில் பார்த்தால் அதன் மேலெல்லாம் சேவை பிழிந்து வைத்ததுபோல் சின்னச் சின்ன மண் மேடுகள். பந்து அதில் பட்டு எகிறுகிறது. துரைக்கு அதுதான் தலைவலி. தை மாதத்தில் மதராஸிலிருந்து ஒரு டீம் ஆட வருகிறது. ஆடுகளம் அவர்களுக்குத் திருப்தியாக இருந்தால் என் வேலை நிரந்தரம் என்று துரை சொல்லியிருக்கிறார்.

இப்போது நீங்கள் சிரிக்க வேண்டிய விஷயம். துரையின் சீமைப் புத்தகத்தில் மைதானத்துக்கு ஒரு மருந்து போட்டிருக்கிறது. அதை லண்டனிலிருந்து கப்பலில் வரவழைத்தார். 'மௌரா மீல்' என்று பெயர். மூட்டையைப் பிரித்ததும் எனக்கு நம் மண்டிக்குள் நிற்பதுபோல் இருந்தது. நம் இலுப்பைப் புண்ணாக்கு! இங்கிருந்து சீமைக்குப் போய், பேரை மாற்றிக்கொண்டு விழுப்புரத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது. "சார், இதைத் திண்டிவனத்தில் என் மாமாவே விற்கிறார்" என்றேன். துரை என் தோளைத் தட்டி, உன்னைப் போன்ற ஆளைத்தான் தேடினேன் என்றார். ஆறு மூட்டை வேண்டும். ரயிலில் ஜல்தியாக அனுப்பச் சொல்லுங்கள். எதற்கென்று நான் கேட்கவில்லை, உரமாகத்தான் இருக்கும்.

தம்பி,
அஜிதநாதன்


ஜினேந்திரர் துணை
திண்டிவனம், 25 அக்டோபர் 1936

சிரஞ்சீவி அஜிதநாதனுக்கு ஆசீர்வாதம். நாங்கள் க்ஷேமம். உடம்பை மழையில் நனைக்காதே.

ஆறு மூட்டையும் நேற்று ரயிலேறிவிட்டது. உன் மாமா நடையே மாறிவிட்டது. மண்டிக்கு வருகிறவர்களிடம் எல்லாம், லண்டன் சரக்கை விட என் சரக்கு உசத்தி என்று என் மச்சான் துரைக்கு நேராகவே சொன்னான் என்கிறார். மாடு மேய்க்கிறாரா என்று கேட்டவருக்கு நேற்று காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு இதைச் சொன்னாராம். நான் ஆறு மாதம் வாதாடி நடக்காததை உன் மூக்கு ஒரு நாளில் நடத்திவிட்டது.

புல் அதைச் சாப்பிட்டு எப்படி இருக்கிறது என்று விவரமாக எழுது. அவர் கேட்பார்.

அனந்தமதி


கார்டு
விழுப்புரம், 14 நவம்பர் 1936

அக்காள் அவர்களுக்கு நமஸ்காரம். சுகம். புண்ணாக்கு வந்து சேர்ந்தது. துரைக்குத் திருப்தி. மண் மேடுகள் இப்போது இல்லை. எனக்கு நாலு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, ஜலதோஷம்தான், கவலை வேண்டாம். வேலை அதிகம். மற்றவை பின்னால்.

அஜிதநாதன்


ஜினேந்திரர் துணை
திண்டிவனம், 24 நவம்பர் 1936

சிரஞ்சீவி அஜிதநாதனுக்கு அக்காள் எழுதுவது. இங்கே க்ஷேமம் என்றுதான் எழுத வேண்டும்.

பக்கம் பக்கமாக எழுதுகிறவன் நாலு வரி எழுதியிருக்கிறாய். முழுப் பூசணிக்காயை மறைக்க நாலு வரிச் சோறு போதாது, தம்பி. மேடு இல்லை என்கிறாய். மேடு போட்டது யார்? அது எங்கே போயிற்று?

நானும் கழனி வீட்டில் பிறந்தவள். மேடு மேடாகக் குருமண் தள்ளுவது மண்புழு என்று எனக்குத் தெரியாதா? இலுப்பைப் புண்ணாக்கை அரைத்துத் தலைக்குத் தேய்த்துக் குளித்தால், அந்தத் தண்ணீரை அம்மா மண்ணில் விடமாட்டாள், கல் பாவிய இடத்தில்தான் விடுவாள். மண்ணில் விட்டால் புழு துடித்துக்கொண்டு வெளியே வரும். அதைப் பார்த்து நீ ஐந்து வயதில் அழுதாய். உனக்கு மறந்திருக்கலாம்.

உன் மாமா போன வாரம் காலிச் சாக்குகளை வாங்கிக்கொள்ள விழுப்புரம் வந்தாரே, மைதானத்தைப் பார்த்தீர்களா என்றேன். பார்த்தேன் என்றார். அன்று பசியில்லை என்று படுத்துவிட்டார். உன் வேலை அவருக்கு இன்னும் பிடிக்கவில்லை போலிருக்கிறது. என் சந்தேகத்தை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த ரயிலில் உன்னை அழைத்து வந்துவிடுவார்.

நான் கேட்டதற்குப் பதில் எழுது. அதை எழுத முடியாவிட்டால் வேறொன்றும் எழுதாதே.

அனந்தமதி


ஜினேந்திரர் துணை
விழுப்புரம், 20 டிசம்பர் 1936

அக்காள் அவர்களுக்கு அஜிதநாதன் நமஸ்காரம். உங்கள் கடிதம் வந்து இருபத்தைந்து நாள் ஆகிறது. தினமும் எடுத்துப் படித்துவிட்டு மடித்து வைத்தேன்.

நீங்கள் நினைத்தது சரி. புண்ணாக்குத் தூளைப் புல்லின் மேல் தூவித் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று துரை சொன்னார். குழாயைப் பிடித்து நின்றது நான்தான், வேறு யாரும் இல்லை. கால் நாழிகை ஆகவில்லை, பச்சையெல்லாம் சிவப்பாக நெளிய ஆரம்பித்தது. ஆயிரக்கணக்கில். துடைப்பத்தால் கூட்டிக் கூடை கூடையாக ராயப்பன் கொண்டுபோய்க் குழியில் கொட்டினார். குழாயைக் கீழே போட எனக்குக் கை வரவில்லை. போட்டால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று நினைத்தேன். அதைத்தான் நினைத்தேன், அக்கா. மூட்டையை மோந்து பார்த்த அன்றே யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். பெருமை யோசிக்க விடவில்லை.

துரை கொடுமைக்காரர் இல்லை. காயம்பட்ட மைனாவை மடியில் வைத்துக்கொண்டு காரில் மாட்டாஸ்பத்திரிக்குப் போனவர். புழுவை அவர் உயிர் என்று கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். நான் எடுத்துக்கொள்கிறவன். அதனால் பாவம் எனக்குத்தான்.

மறுபடி மேடுகள் வரத் தொடங்கியிருக்கின்றன. ஜனவரி பதினாறாம் தேதி மாட்ச். அதற்கு முன் இன்னொரு தரம் போட வேண்டும் என்கிறார். மாட்டேன் என்றால் வேறு ஆள் வருவான், இந்தப் புல்லை அவன் எப்படிப் பார்ப்பானோ தெரியாது. நான் மண்டிக்கே வந்துவிடட்டுமா? நீங்கள் வா என்றால் வந்துவிடுகிறேன்.

அஜிதநாதன்


ஜினேந்திரர் துணை
திண்டிவனம், 28 டிசம்பர் 1936

சிரஞ்சீவி அஜிதநாதனுக்கு அக்காள் ஆசீர்வாதம். க்ஷேமம். உன் கடிதத்தைக் கிணற்றடியில் உட்கார்ந்து படித்தேன். அழுதேன். பிறகு தண்ணீர் சேந்தினேன். அழுதாலும் தண்ணீர் வேண்டுமே.

சேந்தும்போது ஒன்று தோன்றியது. தண்ணீர் வடிகட்டுகிற துணியை நீ பிறகு என்ன செய்கிறாய்? கொடியில் உதறிப் போடுகிறாயா? கிடையாது. துணியைத் திருப்பிப் பிடித்து, அதில் தங்கின உயிர்களை அலசி, எந்தக் கிணற்றிலிருந்து எடுத்தோமோ அதே கிணற்றில் விடுகிறோம். நமக்கு வேண்டியது தண்ணீர்தான், அவற்றின் சாவு இல்லை. அதுபோல் துரைக்கு வேண்டியதும் தரைதானே? புழு வேறிடத்தில் உயிரோடு இருந்தால் அவருக்கு என்ன நஷ்டம்?

புண்ணாக்குத் தண்ணீரில் மேலே வந்த புழு பிழைக்காது என்று எனக்குத் தெரியும். கடுகு அரைத்த அம்மியைக் கழுவி ஊற்றின இடத்திலும் புழு மேலே வருவதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அது கொஞ்ச நேரத்தில் தெளிந்து ஊர்ந்து போய்விடும். ஆகவே வாழைப் பாத்தியில் செய்து பார்த்தேன். முதல் நாள் ஒரு குடம் தண்ணீருக்கு உரிக் கடுகு, நாலு ஆழாக்கு. காரம் அதிகம். மூன்று புழு செத்தது. அதற்கு மூன்று நாள் உபவாசம் இருந்தேன். உன் மாமா ஏன் என்று கேட்டார், வேண்டுதல் என்றேன். நாலாம் நாள் குடத்துக்கு ஆழாக்குக் கடுகு. பதினேழு வந்தன. உடனே நல்ல தண்ணீர்த் தட்டில் அலசி, முருங்கை மரத்தடியில் ஈர மண்ணில் விட்டேன். பதினேழும் உள்ளே போயின. மறுநாளும் பார்த்தேன், அதே கணக்கு.

கடுகை விழுதாக அரைத்து, ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி ஊற்ற வேண்டும். வெயில் ஏறும் முன் செய். கையால் எடுக்கச் சொல், துடைப்பம் கூடாது.

மண்டிக்கு வராதே. செய்த பாவத்தைப் புண்ணாக்கு மூட்டையின் மேல் உட்கார்ந்து தீர்க்க முடியாது. துரையிடம் போய்க் கேள். அவர் மறுத்தால் அன்றைக்கு வா, நானே ஸ்டேஷனுக்கு வந்து அழைத்துப் போகிறேன்.

அனந்தமதி


ஜினேந்திரர் துணை
விழுப்புரம், 9 ஜனவரி 1937

அன்புள்ள அக்காள் அவர்களுக்குத் தம்பி அஜிதநாதன் நமஸ்காரம். சுகம். சாப்பாடும் இறங்குகிறது.

துரையிடம் கேட்டேன். எங்கள் குலத்தில் இது கிடையாது, ஒரு தரம் செய்துவிட்டேன், இரண்டாம் தரம் செய்ய முடியாது என்றேன். அவர் பைப்பைச் சுரண்டிக்கொண்டே முதலில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். பெருமையால் என்றேன். ஒரு வாரம் தருகிறேன், அதற்குப் பிறகு ஆடுகளத்தில் ஒரு மேடு இருந்தாலும் புண்ணாக்கு மூட்டையைப் பிரிப்பேன் என்றார்.

ஐந்து காலை வேலை செய்தோம். எட்டுப் பெண்களும் ஆளுக்கொரு தண்ணீர்ச் சட்டியோடு வரிசையாகக் குந்திக்கொண்டு நாற்று எடுப்பதுபோல் எடுத்தார்கள். நடவு நட்ட கைகள், அக்கா. ஒரு புல் நசுங்கவில்லை, ஒரு புழு அறவில்லை. ராயப்பன் சட்டிகளைக் கிளப்பின் வாழைத் தோட்டத்துக்குச் சுமந்தார். குழியில் கொட்டினவரும் அவர்தான் என்பதால் அவருக்கு இதில் தனி சந்தோஷம். குப்பம்மாள் மட்டும் விடவில்லை. "புல்லு நட்டாச்சு, இப்பப் புழுவக் குடி வெக்கிறீங்க. அடுத்தது இன்னா நைனாரே, கொசுவுக்குக் கூரை போடணுமா?" என்றாள். ஆனால் அவள் சட்டியில்தான் அதிகம் இருந்தது.

ஆறாம் நாள் துரை கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார். ஓரங்களில் மேடு இருக்கிறது, ஆடுகளத்தில் ஒன்றுகூட இல்லை. இந்த அளவை யார் கண்டது என்று கேட்டார். என் அக்காள் என்றேன். பெயர் கேட்டார். சொன்னேன்.

பதினாறாம் தேதி நீங்களும் மாமாவும் அவசியம் வர வேண்டும். நவம்பரில் நடந்ததை மாமாவிடம் நானே சொல்லிவிடுகிறேன்.

அஜிதநாதன்


ஜினேந்திரர் துணை
திண்டிவனம், 20 ஜனவரி 1937

சிரஞ்சீவி அஜிதநாதனுக்கு அக்காள் ஆசீர்வாதம். நாங்கள் சுகமாக ஊர் வந்து சேர்ந்தோம்.

பதினோரு பேர் ஒரு பந்துக்காக நாள் முழுவதும் வெயிலில் நிற்பது என்ன விளையாட்டோ எனக்குப் புரியவில்லை. நான் பந்தைப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தேன். புளியமரத்தடியிலிருந்து அந்தப் பச்சையைப் பார்க்கையில் கண் நிறைந்துவிட்டது. பந்து ஓர் இடத்திலும் திக்காமல் வேலி வரைக்கும் ஓடிற்று. மதராஸ்காரர் ஒருவர் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு உன் கையைப் பிடித்துக் குலுக்கினாரே, அப்போது அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

உன் மாமா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, புல்லில் கால் வைக்காமல் வேலியோரமாகவே அன்று முழுவதும் நின்றதைக் கவனித்தாயா? நீ அவரிடம் சொல்ல வந்தபோது, தெரியும் என்று கையமர்த்தினார் அல்லவா? வீட்டுக்கு வந்து எனக்குச் சொன்னார். சாக்கு வாங்க வந்த அன்றே குழியையும் கூடையையும் பார்த்துவிட்டாராம். "நீ அவனுக்குப் பொறுப்புன்னு சொல்லிக்கினு இருந்த. இதக் கேட்டா நீ ஒடைஞ்சி பூடுவியேன்னு வாயத் தொறக்கல" என்றார். தன் மூட்டைதானே கொன்றது என்று ஆறு மூட்டைக்கு ஆறு சதுர்த்தசி உபவாசம் நேர்ந்துகொண்டு, வியாபார அலைச்சல், பசியில்லை என்று என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார். நான் வேண்டுதல் என்று அவரிடம் பொய் சொன்னேன். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் பட்டினி கிடந்திருக்கிறோம். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தோம்.

நேற்று அவரே ஒரு மூட்டைக் கடுகை ரயிலில் போட்டிருக்கிறார். என் மச்சான் மைதானத்துக்கு என்று கடைத்தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிக் கட்டினார். நீ வந்து உட்கார மண்டியில் போட்டிருந்த பலகையையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

அனந்தமதி


ஜினேந்திரர் துணை
விழுப்புரம், 3 ஆகஸ்டு 1941

அன்புள்ள அக்காள் அவர்களுக்குத் தம்பி அஜிதநாதன் நமஸ்காரம். நான் சுகம். உங்கள் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியது கிடைத்ததா?

துரை யுத்த வேலைக்காகப் போகிறார். நேற்று என்னை அழைத்து அந்தச் சீமைப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். மதராஸில் புதிதாக ஒரு மைதானம் போட அவர் சிபாரிசில் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். குப்பம்மாளும் ராயப்பனும் கூட வருகிறார்கள்.

அறைக்கு வந்து புத்தகத்தைப் பிரித்தேன். மௌரா மீல் என்று இருக்கிற பக்கத்தில் அந்தப் பாரா முழுவதையும் அவர் மசியால் அடித்திருக்கிறார். ஓரத்தில் இங்கிலீஷில் எழுதியிருப்பதை அப்படியே தமிழில் தருகிறேன்: "வேண்டாம். குடத்துக்கு ஆழாக்குக் கடுகு. சந்தேகம் இருந்தால் திண்டிவனம் அனந்தமதி அவர்களைக் கேட்கவும்." கீழே தேதி, ஜனவரி 1937. நாலரை வருஷமாக இதை அவர் என்னிடம் சொல்லவில்லை.

இன்று காலை புது செக்ரட்டரி அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, இந்த அனந்தமதி எந்தக் காலேஜில் படித்தவர் என்று கேட்டார். திண்டிவனத்தில் ஒரு கிணற்றடி என்றேன். அவர் சிரிக்கவில்லை. விலாசத்தைக் குறித்துக்கொண்டார். கடிதம் வந்தால் பயப்படாதீர்கள்.

மதராஸில் மண் மணற்பாங்கு. அதற்கு ஆழாக்குக் காரமோ என்று சந்தேகமாக இருக்கிறது. அங்கிருந்து ஒரு கூடை மண்ணையும் அதில் இருக்கிற புழுக் குடித்தனத்தையும் அனுப்பி வைக்கிறேன். பார்த்து அளவு எழுதுங்கள். அதுவரை ஒரு சொட்டும் ஊற்றமாட்டேன்.

தங்கள் தம்பி,
அஜிதநாதன்